பாலனுக்கு ஏற்ற மரம் எது?



ஆகமன காலம் நடந்து, கர்த்தர் பிறந்த திருநாள் நெருங்கி வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதும், புதுத்துணி எடுப்பதும், முறுக்குச் சுடுவதுமாய் இருக்கிற இந்நாட்களில் பல குடும்பங்களில் ஒரு கேள்வி எழும்புகிறது. கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கொப்பு போதும் என்கிறார் தகப்பன். மதுரைக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் மரத்தை ஒரு தடவை வாங்கிவிட்டால் வருஷா வருஷம் உதவுமே என்கிறாள் தாய். பிள்ளைகளோ, எதிர்வீட்டு மரத்தைவிடப் பெரிதாயிருந்தால் சரி என்கிறார்கள். இது அற்பக் காரியம்தானே என்று நினைக்க வேண்டாம். இதிலே நம் ஆத்துமத்துக்கு அடுத்த காரியமும் அடங்கியிருக்கிறது.

முதலாவது, இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வோம். பெத்லெகேமில் ஜோடித்த மரம் ஒன்றும் இருக்கவில்லை. முற்காலத்தில் ஜெர்மன் தேசத்துக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் 24-ந் தேதியை ஆதாம் ஏவாளின் நாளாக நினைவுகூர்ந்தார்கள். அந்நாட்களில் சிங்காரவனத்தின் கதையை நாடகமாக நடிப்பார்கள். அதற்கு ஒரு பச்சை மரத்தை நட்டு, அதில் ஆப்பிள் பழங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த மரமே பின்னர் வீடுகளுக்குள் வந்தது. 1605-ம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரத்தார் தங்கள் வீடுகளில் மரம் வைத்து, காகித ரோஜாக்களாலும் பழங்களாலும் அலங்கரித்ததாகக் குறிப்பு உண்டு. செயற்கை மரமும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியர் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயமேற்றி மரம் செய்தார்கள். உரோமையில் அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் மரம் வைக்கும் வழக்கமோ, அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் காலத்தில் 1982-ல்தான் ஆரம்பமாயிற்று.

ஆகையால் மரம் வைக்க வேண்டுமென்று திருச்சபை கட்டளையிடவில்லை. வைக்கக் கூடாதென்று தடுக்கவும் இல்லை. ஆனால் அந்த மரம் சொல்லுகிற பாடத்தைக் கவனியுங்கள். நம் ஆதித் தாய் தகப்பன் தங்களுக்கு உரிமையில்லாத கனியை ஒரு மரத்திலிருந்து பறித்தார்கள், பாவம் வந்தது. நம் ஆண்டவரோ சிலுவை மரத்தில் தம்மையே கொடுத்தார், இரட்சிப்பு வந்தது. அந்த மரத்தில் பறித்தல். இந்த மரத்தில் கொடுத்தல். நம் வீட்டு மரம் எதைச் சேர்ந்தது என்பதே கேள்வி.

இரண்டாவது, பச்சைக் கொப்பைப் பற்றிப் பார்ப்போம். மேல்நாட்டு தேவதாரு நம் கரிசல் காட்டில் விளைவதில்லை. அதற்குப் பதிலாக நம்மவர்கள் வைப்பது சவுக்கு. இதுவும் ஆஸ்திரேலியா முதலிய தூர தேசங்களிலிருந்து வந்ததே. 1860-களில் ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டி நம் கடற்கரை மணலில் பயிரிட்டார்கள். இன்று கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகள் இதை மூன்று நான்கு வருஷத்துப் பயிராக வளர்த்து, பந்தல் காலுக்கும் காகித ஆலைக்கும் வெட்டுகிறார்கள். கழி போக மிஞ்சுகிற நுனிக் கொப்பை விலைகொடுத்து வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சாலையோரத்து மரத்தையும், அயலான் தோட்டத்து மரத்தையும், சர்க்கார் காட்டு மரத்தையும் இருட்டில் போய் வெட்டிக்கொண்டு வந்தால், அது திருட்டு அன்றோ? திருடிப் பறித்த கனியால் வந்த பாவத்தைத் தீர்க்கப் பிறந்தவருக்கு, திருடி வெட்டிய மரத்தையா ஜோடிப்பது?

மூன்றாவது, பிளாஸ்டிக் மரம். இது பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்க்கு உபயோகிக்கிற பி.வி.சி. என்ற பொருளாலேயே செய்யப்படுகிறது; அநேகமாய்ச் சீனாவிலிருந்து கப்பலேறி வருகிறது. மண்ணில் மக்காது, எரித்தாலோ விஷப்புகை விடும். ஏற்கனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் மனவருத்தப்பட வேண்டாம். எறிந்துவிடவும் வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷம் பத்திரமாய் வைத்துப் பேரப்பிள்ளைகள் காலம் வரை உபயோகியுங்கள். இல்லாதவர்கள் புதிதாய் வாங்க ஓட வேண்டாம். விசேஷமாய், வட்டிக்கு வாங்கியோ, தாயின் வாரச் சம்பளத்தைச் செலவழித்தோ வாங்க வேண்டாம். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுத் தொழிற்சாலையிலும் விரல் தேய உழைத்த கூலி, எதிர்வீட்டாருக்குப் போட்டியாக நிற்கிற பச்சைக் கம்பிக்குப் போவது பாலனுக்கு மகிமையாகுமா? பிறக்கும்போது அவருக்குக் கிடைத்தது, மாடுகளுக்குத் தீனி வைக்கிற முன்னிட்டி ஒன்றே.

நான்காவது, நெருப்பு. அதன் குணத்தை நம் ஜில்லா ஜனங்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. வெட்டிய சவுக்கு நாலைந்து நாளில் காய்ந்து, பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளும். குடிலின் வைக்கோலும் அப்படியே. பிளாஸ்டிக் மரமோ உருகி எரிந்து மூச்சடைக்கிற புகை விடும். ஆகவே மரத்திலாவது குடிலிலாவது மெழுகுதிரி ஏற்ற வேண்டாம். பக்கத்தில் நின்று மத்தாப்புக் கொளுத்த வேண்டாம். சீரியல் பல்புகளைப் படுக்குமுன்னும், நடுச்சாமப் பூசைக்குப் புறப்படுமுன்னும் அணைத்துவிடுங்கள். கொப்பை 24-ந் தேதி கொண்டுவந்து, ஈர மணல் நிரப்பிய வாளியில் நிறுத்துவதே உத்தமம்.

கொப்பு வாங்கவும் வசதியில்லாத வீடுகள் உண்டு. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறதே. நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு காய்ந்த கொப்பை எடுத்து, பஞ்சும் காகித நட்சத்திரமும் ஒட்டிப் பாருங்கள். முள்ளாயிருக்கிறதே என்பீர்களாகில், இந்தப் பாலன் ஒருநாள் முள்முடி தரிக்கப் போகிறவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல மரம் வேறென்ன? சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் உயர வைத்தால் போதும்.

உயிருள்ள மரமே வேண்டுமென்பவர்கள், மலைநாட்டுத் தொட்டிச்செடியை வாங்கி நம் வெயிலில் வாடவிடுவதைவிட, வேம்போ புங்கோ ஒரு கன்று நடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த மண் இப்போது கன்று பிடிக்கும். வீட்டில் இவ்வருஷம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையின் பேரால் நட்டு, கோடையில் குளித்த தண்ணீரை அதற்கு ஊற்றி வந்தால், அந்தக் குழந்தை புதுநன்மை வாங்குகிற வயதில் அதன் நிழலில் நிற்கும்.

எந்த மரமானாலும், குடிலுக்கு முதலிடம் கொடுங்கள். 1223-ம் ஆண்டில் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் கிரேச்சோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது, வைக்கோல் பரப்பிய முன்னிட்டியும் ஒரு எருதும் ஒரு கழுதையுமே போதுமானதாயிருந்தன. பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியில் அதே ஊருக்குப் போய், குடிலின் மேன்மையைக் குறித்து எழுதிய நிருபத்தில் கையொப்பமிட்டார். குடில் ஒரு மூலையிலும் மரம் நடுவீட்டிலும் நிற்கிற வீட்டில், திருநாள் யாருக்கு என்று பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள்.

ஆகையால் பிரியமான பெற்றோரே, இவ்வாரத்தில் குடும்ப ஜெபமாலை முடிந்தபின் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். மரத்துக்கென்று எவ்வளவு செலவழிக்க நினைத்தீர்களோ, அதில் பாதியை ஒதுக்கி, உங்கள் தெருவில் இவ்வருஷம் வேலையிழந்த அல்லது துக்கம் நேர்ந்த ஒரு வீட்டுக்குத் திருநாளுக்கு முந்தின நாளே அரிசியாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைப் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். அப்போது உங்கள் வீட்டு மரம் பறித்த மரமாயிராமல், கொடுத்த மரமாயிருக்கும். திவ்விய பாலனும், தேவமாதாவும், அர்ச். சூசையப்பரும் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாற்றுவார்களாக. ஆமென்.