வளம் குன்றிய காலத்தில் கொடை

கொடையின் அளவைத் தீர்மானிப்பது கொடுப்பவரின் மனமா, கையிருப்பா என்னும் கேள்வி பொருளாதாரம் சுருங்கும் காலத்தில்தான் கூர்மை பெறுகிறது. வேலையிழப்பும் விலையேற்றமும் கேட்போரைப் பெருக்கும் அதே வேளையில் கொடுப்போரின் வருவாயையும் குறைத்துவிடுகின்றன. ஊரோடு ஒத்து உதவி வாழும் கடமையாகிய ஒப்புரவைப் பேசும் திருக்குறள் அதிகாரம் இந்த முரணை நேராகவே எதிர்கொள்கிறது: கடமையறிந்தோர் செல்வம் சுருங்கிய பருவத்திலும் ஒப்புரவில் தளர்வதில்லை என்று கூறி, அடுத்த குறளிலேயே, செய்ய வேண்டிய உதவியைச் செய்ய இயலாமல் வருந்துவதே நல்லியல்புடையவனின் வறுமை என்று வறுமைக்கு வேறோர் இலக்கணம் வகுக்கிறது. உயர்ந்த கருத்துதான், ஆயினும் தளராத மனம் ஒன்றை வைத்துக்கொண்டு அன்னசாலையில் உலையேற்ற முடியாது.

ஆகவே, அறத்தை நிலையான ஏற்பாடாக்க முயன்றோர் அதை எந்தப் பொருளின்மேல் நிறுத்துவது என்று எண்ணினர். கோயிலில் இரவும் பகலும் எரியும் நந்தாவிளக்குக்காக 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டுமென விதித்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. கிழடு கழிந்தாலும் குட்டிகள் ஈடுசெய்யும் என்ற கணக்கில் இவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. கொடையாளியின் குடும்பம் பின்னாளில் நொடித்தாலும் விளக்கு அணையாது. ஆனால் மந்தை குறைந்தாலும் நெய்யளவு குறையாது என்பதால், இடர் கொடுத்தவரை விட்டு நீங்கி இடையர் தலையில் ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இஸ்லாமியரின் கட்டாயக் கொடையான ஜகாத் சேர்ந்த செல்வத்தை அளவுகோலாகக் கொள்கிறது. நிசாப் எனப்படும் குறைந்தபட்ச அளவை, அதாவது ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்பை, எட்டிய செல்வம் ஒரு சந்திர ஆண்டு கையில் இருந்தால் அதில் 2.5 சதவீதம் ஏழைகள் முதலிய உரியோரைச் சேர வேண்டும். லாபம் காணாத வணிகரும் விற்பனைச் சரக்கின் மதிப்புக்கு ஜகாத் தரக் கடமைப்பட்டவரே. செல்வம் நிசாபுக்குக் கீழே இறங்கினால் அக்கடமை நீங்குவதோடு, கடனில் மூழ்கியோரும் பெறத்தக்கவராதலால், நேற்றுக் கொடுத்தவர் இன்று பெறுவோராகவும் ஆகலாம். ஈவோரையும் ஏற்போரையும் நிரந்தரமான இரு சாதிகளாகப் பார்க்கும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் போன்ற வரம்புகளில் ஒன்றையேனும் எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சட்டம் வற்புறுத்திப் பெறுவது அறமாகுமா என்ற ஐயம் நியாயமானதே. எனினும், சராசரியை வைத்துக் கணக்கிடுவதால், நெருக்கடி வந்த ஆண்டில் தனிநபர் நன்கொடை வற்றினாலும் இப்பணம் உடனே வற்றுவதில்லை. அந்த ஆண்டின் நட்டம் அடுத்த மூன்று ஆண்டுகளின் கணக்கில்தான் தெரியவருகிறது என்பதால், தொண்டு நிறுவனங்கள் சந்தை மீண்ட பிறகும் பற்றாக்குறையைச் சந்திக்க நேரலாம்.