நிற்கும் கால்கள்

அம்பத்தூர் ஓ.டி.யிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் ஆவடி மார்க்கெட்டிலும் துணி எடுத்துக் காட்டும் பெண்கள், கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறார்கள். நாம் ஒன்றும் எடுக்காமல் போனாலும், பிரித்த புடவைகளை நின்றபடியே மடித்து அடுக்குகிறார்கள். எனக்குப் பழக்கமான ஒரு பெண், "ராத்திரி படுத்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குதுக்கா" என்று சொல்லிக் கணுக்காலைக் காட்டினார். நீலமும் சிவப்புமாக மெல்லிய கோடுகள், சிலந்தி வலை பின்னியதுபோல. "இதுக்குத் தடவ கிரீம் ஏதாச்சும் இருக்காக்கா?"

தடவிப் போக்கும் கிரீம் கிடையாது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கித் தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் திரும்பி வழியாமல் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் தசைக்கு வேலையில்லை. ரத்தம் தேங்கி, அழுத்தத்தில் தோலடியிலுள்ள நுண்குழாய்கள் விரிகின்றன. நிற்பது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, பிள்ளைப்பேறு, ஹார்மோன், உடல் எடை, வயது எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இந்தக் கோடுகளால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் கால் கனமும் மாலை வீக்கமும் சேர்ந்தால், உள்ளே பெரிய குழாயில் வால்வு பழுதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். நம் நிறத்தில் கோடுகள் எளிதில் தெரியாது; வலியைத்தான் நம்ப வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோடுகளுக்கு மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தி அந்தக் குழாயை மூடிவிடுவார்கள். சில வாரங்களில் மங்கும். சிலருக்குப் பழுப்புக் கறை தங்கும். லேசர் சிகிச்சை செய்தால் கருத்த தோலில் சூடு பட்டு நிறம் மாறவும் கூடும் என்பதால், அழகு நிலையத்தை நம்பாமல் ரத்தநாள மருத்துவரிடம் போவதே நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறை இருக்கிறது. இறுக்கமான காலுறை போடவும் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அதை நாள் முழுக்கப் போட்டிருப்பது எளிதல்ல.

எல்லாம் செய்துகொண்டு மறுநாள் அதே இடத்தில் நின்றால் புதிய கோடுகள் வரும். ஆகவே எனக்கு இது நாற்காலி பற்றிய கேள்வியும்கூட.

நின்றபடி வேலை செய்பவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளிக்கு ஏட்டிலாவது இருந்த அந்த உரிமை, நம் துணிக்கடைப் பெண்ணுக்கு 2021-இல்தான் கிடைத்தது. கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு போராடியதன் பயனாகக் கேரளம் 2018-இலேயே சட்டத்தைத் திருத்தியது. இங்கே தமிழ்நாட்டில் அன்றைய அமைச்சர் சி.வெ. கணேசன் 2021 செப்டம்பரில் மசோதாவைக் கொண்டுவந்தார். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், உட்கார இருக்கை தரச் சொல்லும் 22-ஏ பிரிவு சேர்ந்தது.

நாற்காலி போட்ட கடைகளிலும் அது பல வேளை காலியாகவே கிடக்கிறது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி நினைக்கிறார். நாமும் அப்படியே பழகியிருக்கிறோம். கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்தபடி காசு வாங்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. மரியாதையை ஒருத்தியின் காலில் மட்டும் ஏன் தேடுகிறோம்?

கூட்டமில்லாத மதியத்தில் போனால், "நீ உக்காந்துக்கோம்மா, எடுக்கறப்ப எழுந்தா போதும்" என்று சொல்கிறேன். சிலர் உடனே சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் பார்க்கிறார்கள். அப்போது அவரிடமும் போய் 22-ஏ பற்றிப் பேசுகிறேன்.