வறண்ட நிலத்தில் யமுனை

புயல் வீசினாலும் வெள்ளம் வந்தாலும் நிவாரண நிதி திரட்டக் கலைநிகழ்ச்சி நடத்துவது நம்மவர்க்குப் புதிதன்று. தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாம் அத்தகைய மாலைப்பொழுதுகளை நன்கு அறிவோம். வாயிலில் நன்கொடைச் சீட்டு, முன்வரிசையில் பிரமுகர்கள், இடைவேளையில் காபி, இறுதியில் நன்றியுரை. சில நாட்களில் உரிய இடத்திற்கு ஒரு காசோலை. இதில் குறை காண என்ன இருக்கின்றது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கள் குடியிருப்பு அன்பர்கள் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நடத்தினர். அலுவலகத்தில் கோப்பும் கணக்குமாகக் காலம் கழிப்பவன் ஆதலால் வரவு செலவு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாட்டியம் பயின்றுகொண்டிருந்த என் மகளும் மேடையேறினாள். கார்மேகம் கண்டு மயில் தோகை விரிப்பதாகவும், மழைத்துளியை மங்கையர் கையிலேந்தி மகிழ்வதாகவும் அமைந்த ஆடல் அது. அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். அன்றிரவு அவள் கேட்டாள்: “அப்பா, நாங்கள் மழை வேண்டுமென்று ஆடினோமா, வேண்டாமென்று ஆடினோமா?” நேரமாகிவிட்டது, உறங்கு என்றேன். விடை தெரியாத தந்தையர் சொல்லும் விடை அதுதானே!

அந்தக் கேள்வியை அதற்கும் பல்லாண்டுகளுக்கு முன் ஒரு நடனக் கலைஞர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவர் சந்திரலேகா.

1928இல் மகாராட்டிரத்தில் வாடா என்னும் ஊரில் பிறந்த அவ்வம்மையார், சட்டக் கல்வியை இடையில் விடுத்துப் பரதம் பயிலச் சென்னைக்கு வந்தார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகக் கற்றார். 1952இல் அவர் அரங்கேறிய நிகழ்ச்சி, இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. ‘மதுரா நகரிலோ’ என்னும் தெலுங்குப் பாடலுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். யமுனை பெருகி ஓடுகின்றது, பெண்கள் நீராடி மகிழ்கின்றனர், கைகள் அலைகளாகின்றன. அவ்வேளையில் இராயலசீமையின் வெடித்த நிலமும், சிறு தகரக் குவளைகளோடு தண்ணீருக்காக நீண்ட வரிசையில் நிற்கும் மக்களும் அவர் மனக்கண்ணில் தோன்றின. ஒரு கணம் உடல் உறைந்து நின்றுவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். பின்னர் ஆடலைத் தொடர்ந்து முடித்தார். ஆனால் அந்த ஒரு கணம் அவர் வாழ்நாள் முழுவதும் முடியவில்லை.

ஈண்டு எழும் அறக்கேள்வி எளியதன்று. அவர் உறைந்து நிற்க நியாயம் உண்டா? அன்று திரண்ட பணம் வறட்சியால் வாடியவர்க்கே சென்றிருக்கும். ஆடாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன பயன்? பசித்தவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பதைவிடச் சோறு வந்தது என்பதன்றோ முக்கியம்? கணக்கு எழுதுகின்றவன் என்ற முறையில் இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். மனம் உறுத்துகின்றது என்று சொல்லி நன்கொடைச் சீட்டைக் கிழித்தெறிபவனால் ஒரு குடம் தண்ணீரும் கிடைக்கப் போவதில்லை.

வறண்ட காலத்தில் நீரைப் பாடுவதே பிழை என்றும் சொல்வதற்கில்லை. முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தை நோக்கிச் செல்கையில் காய்ந்து கிடந்த நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட மழை பொழிந்தது என்பது செவிவழிச் செய்தி. மழை பெய்ததோ இல்லையோ, அந்தப் பாட்டின் முகம் காய்ந்த நிலத்தை நோக்கி இருந்தது. சந்திரலேகாவை உறுத்தியது நீரைப் பற்றி ஆடியதன்று. யாருக்காக ஆடுகின்றோமோ அவர்களை முற்றிலும் மறந்து ஆடியதே. கொடை அவர்களை நோக்கிச் சென்றது. கலையோ அவர்களுக்கு முதுகு காட்டி நின்றது. என் மகளின் கேள்வியும் இவ்விடத்தையே தொட்டது என்று இப்போது உணர்கின்றேன்.

இத்தகைய உறுத்தலுக்குத் தமிழ் மரபு ஒரு விடையை முன்பே சொல்லியிருக்கின்றது. ஆடற்கலையில் தேர்ந்த மாதவி, கோவலன் இறந்தபின் அரங்கைத் துறந்தாள். அவள் மகள் மணிமேகலையும் சலங்கையை நாடவில்லை. அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள். ஆடலா, அன்னமா என்ற கேள்விக்குச் சாத்தனார் காட்டிய வழி ஐயத்திற்கு இடமற்றது. பசி முன்னிற்கையில் கலை பின்னிற்கட்டும் என்பது அது. மழை பொய்த்தால் தெய்வத்திற்கே விழாவும் பூசையும் நடவா என்ற கருத்தை வான்சிறப்பில் வைத்த வள்ளுவர்க்கும் இதில் உடன்பாடு இருக்கும்.

சந்திரலேகாவும் அவ்வழியில் நெடுந்தூரம் நடந்தார். அரங்கேறிய பின் சில ஆண்டுகள் புகழோடு ஆடியவர், படிப்படியாக மேடையை விட்டு விலகினார். இடையே 1972இல் ‘நவக்கிரகம்’ என்னும் படைப்பு வந்ததெனினும், அவர் உழைப்பெல்லாம் வேறு துறைகளில் சென்றது. எழுதினார், சுவரொட்டிகள் வரைந்தார், பெண்ணுரிமைக்காகவும் மனித உரிமைக்காகவும் குரல் கொடுத்தார். 1982இல் அவர்மீது அரசத்துரோக வழக்கே தொடுக்கப்பட்டது. பின்னர் அது கைவிடப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் அவரை இன்னொரு மணிமேகலை என்று கூறி அமைதி கொள்ளலாம். ஆனால் அவர் திரும்பி வந்தார். 1984இல் பம்பாயில் நடைபெற்ற கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பில் மீண்டும் மேடையேறினார். மறு ஆண்டு ‘அங்கிகா’ என்னும் படைப்பை அமைத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறைக் கடந்திருந்தது. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்கைப் புரட்டிப் பார்க்கும் வயது அது!

திரும்பி வந்தவர் பழைய ஆடலோடு வரவில்லை. பரதத்தின் அரைமண்டியையும் அடவுகளையும் யோகத்தோடும் களரிப்பயிற்றோடும் அருகருகே நிறுத்தினார். தலைவனுக்காக ஏங்கும் நாயகியையும் அணிகலன்களின் பளபளப்பையும் விலக்கினார். எஞ்சி நின்றது மனித உடல், நிமிர்ந்த முதுகுத்தண்டு, மண்ணில் ஊன்றிய பாதம். பாஸ்கராச்சாரியாரின் கணித நூலைக்கொண்டு 1989இல் ‘லீலாவதி’யை அமைத்தார். பின்னர் வந்த ‘ஸ்ரீ’யில், முதுகு வளைந்து நகரும் பெண்கள் நிமிர்ந்தெழும் ஆற்றலை நாடுவதைக் காட்டினார். ‘யந்திரா’, ‘மகாகால்’ என்று தொடர்ந்து 2001இல் ‘சரீரா’வோடு அவ்வரிசை நிறைவுற்றது. 2006 டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இவற்றைப் பரதம் என்று ஒப்பாதவர் உண்டு. உடலை இவ்வளவு வெளிப்படையாக மேடையில் நிறுத்துவது தகுமா என்று முகம் சுளித்தவரும் உண்டு. எனக்கு வேறொரு ஐயம் எழுந்தது. ‘அங்கிகா’வால் இராயலசீமையில் ஒரு கிணறாவது ஊறியதா? இல்லை. அதனைக் கண்டு களித்தவரும் பெரும்பாலும் நகரத்துக் கற்றோரே. அவ்வாறாயின் 1952இல் எழுந்த உறுத்தலுக்கு 1985இல் கிடைத்தது விடைதானா?

விடைதான் என்பதே என் துணிபு. கிணறு வெட்டுவது கலையின் வேலையன்று. அதற்கு அரசும் கடப்பாரையும் இருக்கின்றன. கலையின் கடன் பொய் சொல்லாமை. தகரக் குவளையோடு வரிசையில் நிற்பவளுக்கும் மேடையில் நிற்பவளுக்கும் பொதுவாக உள்ளது ஒன்றே, அது உடல். சுமையால் வளைவதும் அதுவே, வலிமையோடு நிமிர்வதும் அதுவே. அந்த உடலின் மாண்பைத் தம் ஆடலின் பொருளாகக் கொண்டபோது, சந்திரலேகாவின் கலை அவ்வரிசையை நோக்கித் திரும்பி நின்றது. மணிமேகலை சலங்கையை விடுத்துப் பாத்திரத்தை ஏந்தினாள். இவரோ இரண்டில் ஒன்றுதான் என்ற நிலையையே ஏற்க மறுத்தார். முன்னது உயர்ந்த அறம். பின்னது அரிய அறம் என்பேன்.

இதில் நான் கற்றது மற்றொன்றும் உண்டு. நன்கொடை அளித்துவிட்டோம் என்ற நிறைவு மனத்தின் முள்ளை மழுக்கிவிடக் கூடியது. இரசீது கையில் வந்ததும் கேள்வி முடிந்ததென எண்ணுகின்றோம். சந்திரலேகா அந்த முள்ளைப் பிடுங்கி எறியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதனைச் சுமந்தார். ஐயம் வந்தவுடன் கலையைப் பழித்து ஓடுவது எளிது. ஐயத்தை மறந்து ஆடுவது அதனினும் எளிது. ஐயத்தோடு காத்திருந்து, அதனையே கலையாக்குவதுதான் கடினம்.

என் மகள் இன்று கல்லூரி மாணவி. இப்போதும் ஆடுகின்றாள். அண்மையில் ஒருநாள் அவளிடம், “அன்று நீ கேட்டதற்கு நான் விடை சொல்லவில்லையம்மா” என்றேன். “நான் என்ன கேட்டேன்?” என்றாள். அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. சந்திரலேகாவின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்து, “அடுத்த முறை என்ன ஆடுவது என்று நாம் முன்பே பேசிக்கொள்ளலாம் அப்பா” என்றாள்.

நிவாரண நிகழ்ச்சிகளை நாம் இனியும் நடத்துவோம், நடத்தவே வேண்டும். காசோலைகள் செல்லட்டும். ஆயினும் நிகழ்ச்சி நிரல் வகுக்க அமரும்போது, யாருக்காகக் கூடுகின்றோமோ அவர்கள் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதாக ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அவர்கள் முகம் பார்த்து ஆடத் தகுந்தது எதுவோ, அதனையே ஆடுவோம்.