நாய்தானே!

போன மாதம் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் அடிவயிறு கலங்கும், இல்லையா? எனக்கும் கலங்கியது. பேசியவர் என் நண்பர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘‘மணி போயிட்டான் சார்...’’ என்றார். குரல் உடைந்திருந்தது.

மணி, அவர் 13 வருடம் வளர்த்த நாட்டு நாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ‘அப்பாடா, மனுஷங்க யாருக்கும் ஒண்ணுமில்லை!’ அந்த நிம்மதியிலேயே வாய் தவறிவிட்டது. ‘‘மனசைத் தேத்திக்குங்க சார். நாய்தானே!’’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ‘‘சரி சார், வெச்சுடறேன்’’ என்றார்.

நாள் முழுக்க அந்த ‘தானே’ என்னைக் குடைந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சங்கிலி அப்படியே கிடந்தது. பக்கத்தில், பாதி தண்ணீரோடு அலுமினியக் கிண்ணம்.

‘‘நாலு வருஷம் முன்னாடி வீட்டுக்காரி போனப்ப, கூட அழறதுக்கு ஊரே வந்துச்சு சார். பதினாறு நாளும் எங்க வீட்டுல அடுப்பு பத்தவைக்க விடலை. இவனுக்கு நான் ஒருத்தன்தான். அதையும் கதவைச் சாத்திக்கிட்டு அழ வேண்டியிருக்கு’’ என்றவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்... ‘‘அவ பேரைச் சொன்னா காதைத் தூக்கிப் பார்க்கிறதுக்கு இவன் இருந்தான். இனிமே யார் இருக்கா?’’

மனிதர்கள் இத்தனை கஷ்டப்படும் உலகத்தில், ஒரு நாய்க்காக இவ்வளவு அழலாமா? இந்தக் கேள்வியை நாம் வெளிப்படையாகக் கேட்பதில்லை. ‘தானே’ என்ற வார்த்தைக்குள் ஒளித்துவைத்துக் கேட்கிறோம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கண்ணீர் என்ன ரேஷன் சர்க்கரையா, இங்கே கொஞ்சம் செலவானால் அங்கே குறைந்துபோக? இறந்தது யார் என்பதை வைத்து நாம் துக்கத்துக்குத் தகுதி பார்க்கிறோம். ஆனால் வலிப்பது, சேர்ந்து வாழ்ந்த நாட்கள் அல்லவா! 13 வருடம் என்றால், 4,700 காலைகளுக்கு மேல். அத்தனை காலைகளிலும் அவரை எழுப்பி நடக்கக் கூட்டிப்போனவன் மணி. மறுநாளும் ஐந்து மணிக்குக் கண் விழிக்கும். எழுப்பியவன் இருக்க மாட்டான்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. ஏறக்குறைய 1,400 வருடம் பழசு. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பெயரையும் சொல்கிறது... கோவிவன்!

கல்லில் ஒரு வரி கூடுதலாக வெட்டுவது லேசான வேலை இல்லை. ‘நாய்தானே, பேரெல்லாம் எதுக்கு?’ என்று அன்றைக்கு விட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர்கள் விடவில்லை.

உங்கள் வீட்டுப் பிராணி இறந்துபோனால் வெட்கப்படாமல் அழுங்கள். அடுத்தவர் வீட்டில் என்றால், உடனே ‘வேற குட்டி வாங்கிக்கலாமே’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதன் பெயரைச் சொல்லி, அதைப் பற்றிக் கேளுங்கள். போதும்.

நானும் அதைத்தான் செய்தேன். ‘‘மணி குட்டியா இருந்தப்ப எப்படி சார் இருப்பான்?’’

நண்பர் நிமிர்ந்து பார்த்தார். ‘‘அதை ஏன் கேக்கறீங்க... வந்த அன்னிக்கே என் புதுச் செருப்பை ஒருவழி பண்ணிட்டான் சார்!’’ என்று ஆரம்பித்தார். நான் கிளம்பும்போது மணி ஒன்பது.