காணாதது இல்லாததா?

ஜார்க்கண்ட் மாநில அரசு 2017-இல் ஒரு சாதனைக் கணக்கை வெளியிட்டது. 11 லட்சத்துக்கும் மேற்பட்ட போலி ரேஷன் அட்டைகளை நீக்கிவிட்டதாக அதில் பெருமைப்பட்டுக்கொண்டது. அப்போது நீக்கப்பட்டவற்றில் ஆதார் எண்ணோடு இணைக்கப்படாத அட்டைகள் ஏராளம். இணைப்பு இல்லை, ஆகவே அந்த அட்டைக்குப் பின்னால் ஆளும் இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி கிடைக்காமல் பட்டினியால் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியாதான் காரணம் என்றது அரசு. சாவின் காரணம் குறித்துச் சர்ச்சை எழுந்தது. அட்டை ரத்தானது குறித்து எழவில்லை.

ஒரு சமூகம் எவ்வளவு தூரம் டிஜிட்டலுக்கு மாறியிருக்கிறது என்று அளக்கும் வேலை இன்று உலகெங்கும் நடக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென ஒரு குறியீடு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் தன் உறுப்பு நாடுகளை அளந்துவருகிறது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி, டிஜிட்டல் மாற்றத்தை எப்படி அளப்பது என்பதற்கு 2019-இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டது. இந்தியாவில் மாதந்தோறும் யுபிஐ பணப்பரிவர்த்தனைகளின் கணக்கு வருகிறது. 2025 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இந்த அளவீடுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. ஒரு கருவிக்குத் தென்படாத ஒன்றை 'இல்லை' என்று சொல்ல எப்போது உரிமை வருகிறது?

இந்தியத் தத்துவ மரபு இந்தக் கேள்வியோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறது. நம்பத் தகுந்த அறிவு எந்தெந்த வழிகளில் கிடைக்கும் என்பதை 'அளவை' என்ற தலைப்பில் விவாதித்தார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் மணிமேகலை கேட்டறியும் அளவைகளில் நேரில் பார்ப்பதான காண்டலும் அனுமானமாகிய கருதலும் உண்டு, அபாவமும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் அபாவத்தைக் குறிப்பிடுகிறது. ஒன்று இல்லை என்பதை அறியும் வழிதான் அபாவம்.

விவாதத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் எளியது. தரையில் குடம் இல்லை. இது எப்படித் தெரிந்தது? குடம் தென்படாமையே தனியொரு அளவை என்றார் மீமாம்சைத் தத்துவப் பள்ளியைச் சேர்ந்த குமாரிலபட்டர். வெறுந்தரையைப் பார்க்கிற கண்ணே குடமின்மையையும் பார்த்துவிடுகிறது என்றார்கள் நியாயத் தத்துவப் பள்ளியினர். அது அனுமானத்தின் ஒரு வகை என்றார் பௌத்தரான தர்மகீர்த்தி. மூன்று தரப்பும் ஒன்றையொன்று கடுமையாகத் தாக்கிக்கொண்டன. ஆனால் ஒரு நிபந்தனையில் மூவரும் நெருங்கி வருகிறார்கள். இருந்திருந்தால் கண்டிப்பாகத் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் தென்படாமல் போனால் மட்டுமே, இல்லை என்று சொல்லலாம். அறையில் வெளிச்சம் வேண்டும், கண்ணில் கோளாறு இருக்கக் கூடாது, குடத்தை எதுவும் மறைத்திருக்கக் கூடாது.

தர்மகீர்த்தி இதில் இன்னும் கறாரானவர். இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாத பொருள் தென்படவில்லை என்றால், அதிலிருந்து சந்தேகம்தான் கிடைக்கும், முடிவு கிடைக்காது என்பது அவர் வாதம். இதற்கு மரபான உதாரணம் பிசாசு. எதிரில் பிசாசு தெரியவில்லை என்பதை வைத்து அங்கே பிசாசு இல்லை என்று நிரூபிக்க முடியாது. தன் கையிலிருக்கும் சான்று அந்த மறுப்புக்குப் போதாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த அறிவு நேர்மைதான் இன்றைய அளவீடுகளுக்குத் தேவைப்படுகிறது.

ஜார்க்கண்டின் கணக்கை அந்த நேர்மையோடு சோதித்தவர்கள் உண்டு. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளியலாளர்கள் 2016 முதல் 2018 வரை 10 மாவட்டங்களில் ரத்தான 1,44,161 அட்டைகளைக் கவனித்தார்கள். அவற்றிலிருந்து மாதிரிக்கு எடுத்த குடும்பங்களை ஊர் ஊராகத் தேடிப் போனது அவர்களுடைய குழு. சுமார் 10 சதவீத அட்டைகளே போலி என்று கருதத்தக்கவையாக இருந்தன. மற்றக் குடும்பங்கள் மண்சுவரும் அடுப்புமாக அந்தந்த ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தன. கணினி அவர்களைப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையிலும் அது இருக்கவில்லை, ஏனென்றால் ஆதார் எண்ணைக் கொடுத்தவர்கள் மட்டுமே அதன் பார்வைக்குள் வருவார்கள்.

எண்ணைக் கொடுத்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. கல்லுடைப்பவர், செங்கல் அறுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், முதியவர் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்துபோகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே அளித்த விவரப்படி, அரசுச் சேவைகளுக்கான சரிபார்ப்பில் 88 சதவீதமே வெற்றி பெற்றது. மீதி 12 சதவீதத்தை ரேஷன் கடையின் விற்பனைப் பதிவேடு எப்படிப் படிக்கிறது? கடைக்கு வந்து, விரலை நான்கு தடவை வைத்துப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பிய மூதாட்டியும் அந்த மாதம் அரிசி வாங்காதவராகத்தான் பதிவாகிறார். தேவையில்லாததால் வாங்காதவரும் அப்படித்தான் பதிவாகிறார். இருவரையும் வேறுபடுத்த அந்தத் தரவில் வழியே கிடையாது.

பொருளாதாரக் கணக்கிலும் இதே குறை இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி, விலை உள்ளதையே பார்க்கும். அச்சுக் கலைக்களஞ்சியம் விற்றபோது அது கணக்கில் ஏறியது. விக்கிப்பீடியா இலவசம் என்பதால் ஏறுவதில்லை. இணையத் தேடுபொறி இல்லாமல் ஓராண்டு இருக்க எவ்வளவு பணம் கேட்பீர்கள் என்று எரிக் பிரின்ஜால்ஃப்சனும் சகாக்களும் அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் இடைநிலை விடை 17,530 டாலர். விலைப்பட்டியலைப் பார்க்கிறவர்களுக்குத் தென்படாத மதிப்பு, ஆட்களிடமே கேட்டபோது தென்பட்டது.

யுபிஐயின் 2,000 கோடி நிச்சயமாகப் பெரிய சாதனை. ஆனால் அது பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை. அதில் இல்லாதவர் யார் என்பதை அது சொல்லாது. அதை அறிய வீடு வீடாகப் போக வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அப்படிப் போனது. எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டபோது ஆண்களில் 57.1 சதவீதமும் பெண்களில் 33.3 சதவீதமும் ஆம் என்றார்கள். பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அன்று இணையத்துக்கு வெளியே இருந்தார்கள் என்பதை எந்தச் செயலியின் பதிவேட்டிலிருந்தும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அளவீடே வேண்டாம் என்று வாதிடுவது ஏழைகளுக்குத் துரோகமாகும். ரேஷன் அரிசி திருடப்பட்டது உண்மை. பதிவான விற்பனையோடு ஒப்பிட்டுக் கடைகளுக்குச் சரக்கு ஒதுக்கத் தொடங்கிய பிறகு ஜார்க்கண்டில் கசிவு கணிசமாகக் குறைந்தது என்று மேற்சொன்ன பொருளியலாளர்களே தெரிவிக்கிறார்கள். அதே நடவடிக்கையின்போது நியாயமான பயனாளிகளுக்குக் கிடைத்ததும் குறைந்தது என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள். இரு தவறுகளின் கனமும் ஒன்றல்ல. இல்லாதவரை இருப்பவராக எண்ணினால் கிடங்கில் அரிசி குறையும். இருப்பவரை இல்லாதவராக எண்ணினால் ஒரு வீட்டில் உலை ஏறாது.

அதனால் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. இன்றைய நடைமுறையில், தான் இருப்பதை ஏழைதான் மாதாமாதம் விரல் வைத்து நிரூபிக்கிறார். அளவைநூலார் சொன்ன நிபந்தனை இந்தச் சுமையை இடம் மாற்றுகிறது. ஒருவர் இல்லை என்று சொல்கிறவரே, அவர் இருந்திருந்தால் தமக்குத் தெரிந்திருக்கும் என்று முதலில் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கையில் இருப்பது சந்தேகம் மட்டுமே. சந்தேகத்தை வைத்து விசாரணை நடத்தலாம், அட்டையை ரத்து செய்யக் கூடாது.

இதைச் செயல்படுத்துவது கடினமும் அல்ல. வெற்றிபெற்ற பரிவர்த்தனைகளை வெளியிடும் ஒவ்வோர் அமைப்பும், தோல்வியுற்ற முயற்சிகளையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும். எந்தப் பெயரையும் நீக்கும் முன் ஓர் அலுவலர் அந்த வீட்டுக்கு நேரில் போக வேண்டும். போன தேதியும் கண்ட நிலையும் பதிவாக வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத அரசு தரும் 'போலி நீக்கம்' கணக்கை ஊடகங்களும் சட்டமன்றங்களும் ஏற்க மறுக்க வேண்டும்.