சிவப்புப் பட்டனை அழுத்து!

"நல்ல மைக் ஒன்று மட்டும் கிடைக்கட்டும் சார், நான் யாரென்று காட்டுகிறேன்!"

யாருக்குக் காட்டுவாய்? எப்போது காட்டுவாய்?

போன வருடம் இன்டர்ஃபேஸ் இல்லை என்றாய். அதற்கு முந்தின வருடம் லாப்டாப் இல்லை. இப்போது மைக் இல்லை. மைக் வந்தால் அறை சரியில்லை என்பாய்!

உண்மையைச் சொல்லட்டுமா? உனக்குப் பயம்! பதிவு செய்து வெளியே விட்டால் நாலு பேர் கேட்பார்கள். கேட்டால் குறை சொல்வார்கள். அந்தப் பயத்துக்கு நீ வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் 'நல்ல மைக்'.

1982. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக். ஒரு வாடகை வீடு. பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் உட்கார்ந்து பாடுகிறார். எதிரே நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று, சாதாரண மைக் இரண்டு. குழுவினருக்குப் போட்டுக் காட்ட ஒரு டெமோ வேண்டும், அவ்வளவுதான்.

மிக்ஸை இறக்கியது எதில் தெரியுமா? தண்ணீரில் விழுந்து பிழைத்த ஒரு பழைய பூம்பாக்ஸில்!

பிறகு முழுக் குழுவோடு ஸ்டுடியோவுக்குப் போனார். அதே பாடல்களை மறுபடி பதிந்தார்கள். எடுபடவில்லை. உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் கிடந்த அந்தக் கேசட்தான் கடைசியில் 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வந்தது.

நான்கே ட்ராக்! உன் பழைய லாப்டாப் எத்தனை ட்ராக் ஓட்டும்? எண்ணிப் பார்த்திருக்கிறாயா?

"அவர் அப்போதே பெரிய ஆள். நான் யார்?"

நியாயமான கேள்வி. சரி, ஸ்டீவ் ஆல்பினியைப் பார்.

சிகாகோ பக்கம் இதழியல் படிக்க வந்த மாணவர். கையில் ஸ்டுடியோ இல்லை. நான்கு ட்ராக் ரெக்கார்டரை நண்பரிடம் இரவல் வாங்கினார். அதற்குக் கூலி ஒரு பெட்டி பீர் என்பார்கள்! டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. டிரம் மெஷினை ஓடவிட்டார். கிட்டத்தட்ட தனியாளாக முதல் பதிவை முடித்தார்.

சவுண்ட் இன்ஜினியரிங் பட்டம் இருந்ததா? இல்லை! நீ ஏன் அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறாய்?

1993-ல் நிர்வாணா குழு 'இன் யூட்டெரோ'வைப் பதிய அவரைத்தான் தேடிப் போனது. ராயல்டியில் பங்கு வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோலக் கூலியைக் கொடுங்கள் என்று எழுதினார். ஒரே தொகை, ஒரு லட்சம் டாலர். சுமார் இரண்டு வாரத்தில் பதிவு முடிந்தது. ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்!

அதற்குப் பிறகும் பேர் தெரியாத குழுக்களுக்குப் பதிவு செய்வதை அவர் விடவில்லை. 1997-ல் சொந்த ஸ்டுடியோ திறந்தார். 2024 மே மாதம், 61 வயதில் இறக்கும்வரை இதுதான் வேலை.

ராயல்டி விஷயத்தில் அவரைப் பின்பற்றாதே. வருகிற பங்கை விடாதே! என் உழைப்புக்கு இதுதான் விலை என்று வாய்விட்டுச் சொன்னாரே, அதைக் கற்றுக்கொள்.

நீ சொல்கிறாயா? "அண்ணே, தெரிஞ்ச பசங்கதானே, பார்த்துப் பண்ணிக் குடுங்க" என்றதும் இளிக்கிறாய். மூன்று இரவு கண் விழிக்கிறாய். பன்னிரண்டாவது திருத்தம் கேட்கிறார்கள். அதற்கும் தலையாட்டுகிறாய்!

ஊர்க் கொடைக்கு வரும் மைக் செட்காரரைப் பார். அட்வான்ஸ் வாங்காமல் ஒரு குழாய் ஸ்பீக்கரையாவது மரத்தில் கட்டுவாரா? அந்த மனிதருக்கு இருக்கும் தெம்பு உனக்கு எங்கே போயிற்று?

பாதிப் பணம் முன்னால், திருத்தம் இரண்டு. எழுதிக் கொடு. போகிறவன் போகட்டும்!

சின்ன வேலை வந்தால் மூக்கைச் சுளிக்கிறாயாமே. வளைகாப்பு வீடியோவுக்குக் குரல் பதிவதா என்று கேட்டாயாமே!

கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஏ.ஆர். ரஹ்மான் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தது 1989-ல். 'ரோஜா' வந்தது 1992-ல். இடையில் என்ன செய்தார்? விளம்பரங்களுக்கு இசை! அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இசை. அதைக் கேவலம் என்று நினைத்தாரா?

உன் முதல் மிக்ஸ் மோசமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்!

ஹெட்போனில் பாஸ் இடிக்கும். ஷேர் ஆட்டோவில் போட்டால் காணாமல் போகும். உடனே பாஸை ஏற்றுவாய். இன்னும் கெடும். நாலு நாள் தூக்கம் போகும்.

பிறகு ஒருநாள் புரியும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குச் சக்தி கிடையாது. பாஸின் மேல் அதிர்வுகளைக் கொஞ்சம் எழுப்பினால் போதும், மீதியைக் காது தானாக நிரப்பிக்கொள்ளும். இதை எந்தக் கடையில் விலைக்கு வாங்குவாய்? ஷேர் ஆட்டோவில் தோற்றவனுக்குத்தான் தெரியும்!

கையிலிருக்கும் மிக்ஸை அனுப்பு. திட்டட்டும். எந்த இடத்தில் திட்டினார்கள் என்று குறித்து வை. அடுத்த மிக்ஸில் முதலில் அந்த இடத்தைத் தொடு.

இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கும். மின்விசிறியை நிறுத்து. துணி அடைத்த பீரோவைத் திறந்து வை, எதிரொலியைக் கொஞ்சம் குடிக்கும். பாடுகிறவரை மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்து.

உச்சத்தில் பாடச் சொல். மீட்டர் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கும்படி கெய்னைக் குறை. கிளிப் ஆன டேக்கை முழுசாக மீட்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

வியர்க்கும். வியர்க்கட்டும்!

எந்த மைக் இருக்கிறதோ அதை வை. அழுத்து!