நிலத்தடி நீரும் உடைமை அறமும்

தன் காணியில் தான் வெட்டிய கிணற்றிலிருந்து ஒருவன் நீர் இறைப்பதில் அறக்கேடு யாதேனும் உண்டோ? யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா நெடுங்காலம் எழவில்லை. முன்னோரின் நிறைந்த ஒழுக்கமே அதற்குக் காரணம் எனப் பலர் கூறுவர். அஃது ஆராயாது கூறும் கூற்றாகும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் பருவமழையே சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது புவிச்சரிதவியலார் கண்ட விதி. இதன் மறுபுறமே அச்சத்துக்குரியது. மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிப்பின், உவர் 40 அடி மேலெழ இடமுண்டு. மிதமிஞ்சி இறைப்பவன் தன் பங்கைச் செலவிடுவதோடு நில்லாது, அயலவனின் கிணற்றையும் உவராக்கக்கூடும்.

துலா மிதித்தவனின் கால்களும் பட்டை பிடித்தவனின் கைகளும் களைத்தன. களைப்பே இறைப்பின் அளவை விதித்தது. 1950களின் பின் பரவிய நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. உடல் வகுத்த எல்லை நீங்கியபோது அவ்விடத்தை அறம் நிரப்பியிருத்தல் வேண்டும்; நிரப்பவில்லை. கிணற்றுப் பங்கும், இறைப்பு முறைநாளும், வாய்க்கால் உரிமையும் உறுதிகளில் நுணுக்கமாக எழுதப்பட்டன என்பது மெய்யே. ஆயினும் அவை கிணற்றைப் பங்கிட்டனவேயன்றி அதனடியிலுள்ள நீரைப் பங்கிடவில்லை. கதியால் வேலி நிலத்தின் மேல் நிற்பது. பாறை வெடிப்புகளில் ஊரும் நீர் அதனை அறியாது.

தீங்கெனின் செய்தவனும் பட்டவனும் தெரிதல் வேண்டும் என்பது வழக்கமான ஒழுக்கவியலின் எடுகோள். சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தமைக்கு 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்தபோது, பொறுப்புச் சுமத்தத்தக்க நிறுவனம் ஒன்று இருந்தது. ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் இடப்படும் யூரியாவிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் கசியும் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைப் பல கிணறுகளில் கடந்துள்ளது. அதனால் முதலில் தாக்குறுவது புட்டிப்பால் குடிக்கும் சிசு. பிரதிவாதி யார்? சில பரப்பு வெங்காயம் வைத்துக் கடனடைக்கும் கமக்காரனைப் பேராசைக்காரன் என்பது அநீதி. குழாயைத் திறந்து நீர் பெறும் நகரத்தார் அவ்வாறு கூறுவது நகைப்புக்கும் உரியது. அவன் ஒருவன் இறைப்பைக் குறைப்பானாயின், அவனது பயிர் வாடும். நீரோ அயலவனின் இயந்திரத்துக்குப் போகும்.

ஆதலின் தனிமனித நற்குணத்தை வேண்டி நிற்பதிற் பெரும்பயன் இல்லை. இரணைமடுக் குளத்தின்கீழ்ச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது, குளத்து நீர்மட்டத்தைக் கருத்திற்கொண்டு, கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில் முடிவாகிறது. அங்கே குறைவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. வலிகாமத்தில் அதனைத் தெரியச் செய்ய வேண்டின், கோடை இறைப்புத் தொடங்குமுன் குறிச்சிதோறும் சில கிணறுகளின் மட்டத்தையும் உவர்ப்பையும் அளந்து, அவ்வளவீட்டைக் கிணற்றுடையோர் கூடும் கூட்டத்தில் வைத்தல் வேண்டும்.